சவரக்கத்தியின் பொருளியல்

பதினெட்டு வயதில் முகச்சவரம் செய்யத் தொடங்கும் ஓர் ஆண், எழுபத்தைந்து வயது வரை நாள்தோறும் அதைத் தொடர்ந்தால், வாழ்நாளில் 20,000 தடவைக்கு மேல் கத்தியைக் கன்னத்தில் வைக்கிறான். இத்தனை முறை செய்கிற வேறு எந்தக் கைவேலையிலும் மனிதன் சற்றேனும் தேர்ச்சி பெற்றிருப்பான். சவரத்தில் மட்டும் அப்படி நேர்வதில்லை. புட்டியை அழுத்தி நுரையைப் பூசி, ஐந்து பிளேடுகள் அடுக்கிய பிளாஸ்டிக் தலையை மேலும் கீழுமாக இழுத்து, மூன்று நிமிடத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த மூன்று நிமிட வசதிக்கு நான் கொடுத்துவந்த விலை என்ன என்பதை, பொருளியல் கற்பித்துச் சம்பளம் வாங்கியவனாக இருந்தும், ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, பழம்பொருள் கடையில் வாங்கியதாகச் சொல்லி ஒரு சேஃப்டி ரேசரைக் கொடுத்தார். ஜில்லெட் நிறுவனத்தின் ‘சூப்பர் ஸ்பீட்’ வகை அது. பித்தளை உடல், அதன்மேல் நிக்கல் பூச்சு. கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலையின் இரு கதவுகளும் மேல்நோக்கித் திறக்கும். பிளேடை வைத்து எதிர்ப்புறம் திருகினால் மூடிக்கொள்ளும். பிளேடைத் தாங்கும் தட்டின் அடிப்புறத்தில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தும் 2 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் அந்நிறுவனம் ஆண்டுக்கு ஓர் எழுத்து, காலாண்டுக்கு ஓர் எண் என்ற முறையில் தன் கருவிகளில் குறியிட்டு வந்தது. 1955-க்கு ‘ஏ’ என்று தொடங்கி எண்ணினால், என் கையிலிருந்த ரேசர் 1960-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் செய்யப்பட்டது. என்னைவிடச் சில மாதங்கள் மூத்தது.

தெருமுனைக் கடையில் சில ரூபாய்க்கு ஒரு பிளேடு வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல இம்மியும் பிசகாமல் பொருந்தியது. 1960-இல் செய்த கருவியில் மட்டுமல்ல, 1904-இல் காப்புரிமை பெற்ற முதல் வகைக் கருவியிலும் இன்றைய பிளேடு பொருந்தும். நடுவில் நீண்ட திறப்புள்ள இப்போதைய வடிவம் 1930 வாக்கில் நிலைபெற்றது. அதன்பின் எந்த நாட்டில், எந்த நிறுவனம் இரட்டை விளிம்புப் பிளேடு செய்தாலும் இதே அளவுதான். நாம் அன்றாடம் கையாளும் பொருட்களில் வேறு எதைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தாண்டுக்கு முந்தைய கைபேசியின் மின்னூட்டிகூட இப்போது வீட்டில் உதவாமல் கிடக்கிறது.

இந்தப் பிளேடின் வரலாறு விசித்திரமானது. கிங் கேம்ப் ஜில்லெட் 1855-இல் பிறந்தவர். சோடாப் புட்டி மூடிகளை விற்கும் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். அந்த மூடியைக் கண்டுபிடித்தவரும் அவருடைய முதலாளியுமான வில்லியம் பெயிண்டர், மக்கள் ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மீண்டும் வாங்க வருகிற பொருள் எதையாவது கண்டுபிடிக்கும்படி அவருக்கு அறிவுரை சொன்னாராம். மழுங்கிய கத்தியோடு ஒருநாள் காலை கண்ணாடி முன் நின்றபோது விடை கிடைத்ததாக ஜில்லெட் பின்னாளில் கூறினார். காகிதம்போல் மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கிக் கூர் ஏற்ற இயலாது என்றே உலோகம் அறிந்தவர்கள் கருதினர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். விற்பனை தொடங்கிய 1903-இல் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே.

இதே ஜில்லெட், 1894-இல் ஒரு நூல் எழுதியிருந்தார். வணிகப் போட்டியே எல்லாத் தீமைகளுக்கும் வேர், உற்பத்தி முழுவதும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனத்தின் கீழ் வர வேண்டும், நயாகரா அருவியின் ஆற்றலைக் கொண்டு இயங்கும் ஒரே மாநகரில் நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ வேண்டும் என்று அதில் திட்டம் வகுத்தார். எறிந்துவிட்டு மீண்டும் வாங்கும் பண்பாட்டின் தந்தை என்று இன்று நினைக்கப்படுகிறவர் ஒரு கற்பனாவாத சோசலிஸ்ட்டாக இருந்தது பலருக்கும் தெரியாது.

அவர் பெயரால் பாடப்புத்தகங்களில் ஒரு கதை உண்டு. ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் லாபம் பார் என்பதே ஜில்லெட்டின் தந்திரம் என்பது அந்தக் கதை. அச்சுப்பொறியும் மையும், காப்பிக் கருவியும் காப்பிப் பொதியும் என எத்தனையோ வணிகங்களை விளக்க இதையே எடுத்துக்காட்டுவார்கள். நானும் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் பழைய விலைப்பட்டியல்களைத் தேடிப் பார்த்து, நடந்தது ஏறக்குறைய நேர்மாறு என்று காட்டினார். காப்புரிமை செல்லுபடியான காலம் முழுவதும் ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளியின் வாரக் கூலியில் அது கணிசமான பங்கு. 1921-இல் காப்புரிமை காலாவதியாகிப் போட்டியாளர்கள் வரவிருந்த நிலையில்தான் பழைய வகை ரேசர் 1 டாலருக்கு இறங்கியது. இந்த ஆய்வு வருவதற்கு முன் என்னிடம் படித்துத் தேறிய மாணவர்களிடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டிலேயே தானே மழித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பரப்பியதில் முதல் உலகப் போருக்குப் பெரும் பங்குண்டு. நச்சுவாயு முகமூடி முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த மழித்த முகம் வேண்டியிருந்தது. அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக ஏறத்தாழ 35 லட்சம் ஜில்லெட் ரேசர்களை வாங்கியது. ஊர் திரும்பியவர்கள் ரேசரோடும் பழக்கத்தோடும் திரும்பினார்கள்.

பிளேடு பொதுவடிவம் பெற்றுவிட்டதால் போட்டியும் கடுமையாக இருந்தது. 1962 வாக்கில் பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வார்டு நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் செய்த பிளேடு, பழைய கார்பன் எஃகுப் பிளேடைவிடப் பல மடங்கு நாள் உழைத்தது. ஜில்லெட் ஆடிப்போய், மறு ஆண்டே தன் துருப்பிடிக்காத பிளேடைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நுகர்வோருக்கு இது பொற்காலம். நிறுவனங்களுக்கு அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய, எந்த ரேசரிலும் பொருந்தக்கூடிய ஒரு தகட்டில் எவ்வளவு லாபம்தான் பார்க்க முடியும்?

1971-இல் இரண்டு பிளேடுகளைப் பிளாஸ்டிக் கூட்டில் பதித்த கார்ட்ரிட்ஜ் வந்தது. 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. எண்ணிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் கேலி பேசினார்கள். உண்மையான மாற்றம் எண்ணிக்கையில் இல்லை. கூட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள இணைப்பில் இருந்தது. அந்த இணைப்புக்குக் காப்புரிமை உண்டு. ஒரு நிறுவனத்தின் கூடு இன்னொன்றின் கைப்பிடியில் பொருந்தாது. அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறைக் கூடுகூடப் பல வேளைகளில் பொருந்தாது. ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலமாக இருந்த பிளேடு அன்றைக்கு வேலிக்குள் போயிற்று. 2005-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஜில்லெட்டை வாங்க ஏறத்தாழ 5,700 கோடி டாலர் கொடுத்தது என்றால், அதில் எஃகின் விலை எவ்வளவு, வேலியின் விலை எவ்வளவு என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கார்ட்ரிட்ஜில் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. அது முகத்தின் வளைவுக்கேற்பத் தானே சாய்ந்துகொடுக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இழுத்தாலும் பெரும்பாலும் வெட்டுவதில்லை. ஆனால் முதல் பிளேடு முடியைப் பற்றி இழுக்க, அது உள்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு தோல்மட்டத்துக்கும் கீழே அறுக்கும் என்று எதைப் பெருமையாக விளம்பரம் செய்தார்களோ, அதுவே சுருள்முடிக்காரர்களுக்குத் தொல்லை. தோலுக்குள் புதைந்த முனை வளைந்து உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகிறது. கழுத்தில் இந்தத் தொல்லை உள்ளவர்களைத் தோல் மருத்துவர்கள் ஒற்றைப் பிளேடுக்குத் திரும்பச் சொல்வதுண்டு.

இந்திய நிகழ்வு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. இந்தியச் சந்தைக்கென ஒரு ரேசரை வடிவமைத்தபோது ஜில்லெட் நிறுவனத்தார் முதலில் அதை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் பாராட்டினார்கள். இங்கே வந்து பார்த்தபோதுதான் கதை வேறு என்று தெரிந்தது. பல வீடுகளில் ஆண்கள் தரையில் அமர்ந்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் சவரத்தை முடிக்கிறார்கள். அடைத்துக்கொண்ட முடியை அலசி வெளியேற்றக் குழாய் நீர் இல்லை. அதன்பின் 2010-இல் வந்த ‘கார்டு’ ரேசரின் விலை 15 ரூபாய், மாற்றுக் கூட்டின் விலை 5 ரூபாய். அதில் இருந்தது எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்று. ஐந்து பிளேடு இல்லாமல் முகம் வழுவழுப்பாகாது என்று உலகுக்குச் சொன்ன நிறுவனம்தான் அதையும் செய்தது.

இனி சவரக்கத்திக்கு வருகிறேன். மடக்கிப் பிடிக்குள் வைக்கும் அந்தப் பழைய கத்தியிலிருந்து சேஃப்டி ரேசர் வழியாகக் கார்ட்ரிட்ஜ் வரை வந்த பாதையைப் பொருளியல் கண்ணோடு பார்த்தால் ஒன்று புலப்படும். கத்தியில் திறன் முழுவதும் கையில் இருக்கிறது; கருவி வெறும் எஃகு. சேஃப்டி ரேசரில் கோணத்தின் ஒரு பகுதியைக் கருவி ஏற்றுக்கொள்கிறது, மீதி கையில். கார்ட்ரிட்ஜில் கைக்கு வேலையே இல்லை. கையிலிருந்து கருவிக்குப் போன அந்தத் திறனைத்தான் நாம் மாதந்தோறும் காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கிறோம். நெசவிலும் அச்சுக்கோப்பிலும் தச்சிலும் நடந்தது இதுவே. அங்கே பாதிக்கப்பட்டவர் தொழிலாளி. சவரத்தில் நுகர்வோரான நாமே நம் திறனைக் கைவிட்டோம்.

சவரக்கத்தியின் வடிவமைப்பில் ஓர் எளிய நுட்பம் உண்டு. அதன் முதுகு தடித்திருக்கும், விளிம்பு மெலிந்திருக்கும். சாணைக்கல்லில் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லைத் தொடுமாறு படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். தீட்டும் கோணத்தைக் கை தீர்மானிக்க வேண்டியதில்லை. முதுகின் பருமனே தீர்மானித்துவிடும். பெரும்பாலான கத்திகளில் அது 16, 17 பாகை அளவில் அமையும். தேயத் தேய முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கிய சீரான எஃகைச் செய்யக் கற்றபின் அந்நகரின் கத்திகள் உலகெங்கும் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் கத்தியின் இருபக்கத்தையும் குழிவாகக் கடைந்து மெல்லியதாக்கினார்கள். குழிவுக் கத்தி முடியை அறுக்கும்போது மெல்லிய ஓசை எழுப்பும். அந்த ஓசையைக் கொண்டே கோணம் சரியா, கூர் இருக்கிறதா என்று பழகிய காது சொல்லிவிடும்.

நூறு ஆண்டைக் கடந்த ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திகள் இன்றும் பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கின்றன. பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா, துரு விளிம்புவரை குழி பறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகுப் பக்கத்துத் துரு பாதகமில்லை. செல்லுலாய்டு கைப்பிடி போட்டவை பார்வைக்கு அழகு. ஆனால் அந்தப் பிடி மக்கும்போது வெளிவரும் வாயு கத்தியையே அரித்துவிடும்.

எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? எம்.ஐ.டி.யின் செம் தாசன் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் சவரம் செய்து பார்த்து 2020-இல் விடை சொன்னார்கள். முடி வளைந்து சாய்வாக விளிம்பைத் தாக்கும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் மிகச் சிறிய சில்லு பெயர்கிறது. தேய்மானத்தைவிட இந்தப் பெயர்ச்சியே பெரிய காரணம். முடியை நன்றாக ஊறவைத்து மென்மையாக்கியபின் மழிக்க வேண்டும் என்று தாத்தாக்கள் சொன்னது தோலுக்கு மட்டுமல்ல, கத்திக்கும் நல்லதுதான்.

சாணை பிடிப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் செய்ய வேண்டியது தோல்வாரில் தீட்டுவது. முதுகு முன்செல்ல, விளிம்பு பின்தொடர இழுத்து, வாரின் முடிவில் முதுகின்மீதே புரட்டித் திருப்பி வர வேண்டும். விளிம்பின்மீது புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. படங்களைப் பார்த்து நான் முயன்றதில் முதல் வாரத்திலேயே தோல்வாரில் மூன்று வெட்டு விழுந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் தேடினேன். எங்கள் பகுதிச் சலூன்கள் எதிலும் தோல்வார் இல்லை. எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வு பரவிய பிறகு எல்லோரும் பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகும் கத்திக்கு மாறிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு புதுப் பாதி, அதுதான் சரி. கடைசியில் ஒரு சலூன்காரர் தம் தாத்தாவிடம் அழைத்துப் போனார். எண்பதைக் கடந்தவர். என் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாங்க வேணாம்னு விட்டதை நீங்க ஏன் சார் தேடி வர்றீங்க?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்குச் சவரம் செய்ய வந்தவர் வாசல் வழியாக வந்ததில்லை. கொல்லைப்புறத்து மரத்தடிதான் அவர் இடம். சவரம் முடிந்ததும் தலைமுழுகாமல் அப்பா வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அறுவடையின்போது களத்தில் நெல் அளப்பார்கள். அளவு எங்கள் வீட்டார் தீர்மானிப்பது. ஐம்பது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையனான நான் ‘வா, போ’ என்றுதான் அழைத்தேன், யாரும் திருத்தவில்லை. அவரைக் ‘குடிமகன்’ என்று குறிப்பிடுவார்கள். அரசியல் சாசனத்தைத் தமிழில் பேசும்போது நாம் பெருமையோடு ஆளும் அதே சொல் அன்று ஊருக்கு ஊழியம் செய்யக் கட்டுப்பட்டவரைக் குறித்தது. நோய்க்கு மருந்தும் புண்ணுக்குக் கத்தியும் அறிந்திருந்த சமூகம் அது. மகப்பேறு பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களே. இங்கிலாந்தில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கமாக இருந்தார்கள். பிரிந்தபின் அங்கே ஒரு பிரிவுக்குப் பட்டமும் மதிப்பும் கிடைத்தன. இங்கே அந்த அறிவுக்குக் கிடைத்தது கொல்லைப்புற வாசல்.

எனவே சவரக்கத்தியைப் பற்றி ஐரோப்பியர் எழுதுவதுபோல் ஏக்கத்தோடு என்னால் எழுத முடியாது. பிரான்ஸின் கத்திக் கைவினைஞர் ழான் ழாக் பெரே 1769-இல், தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் நூல் ஒன்றை எழுதியபோது அவருக்கு அது கைத்திறன் சார்ந்த செய்தி. நம் ஊரில் அதே செயலுக்கு வேறொரு பொருளும் உண்டு. மலிவான பிளேடும் ரேசரும் வந்து ஆளுக்கு ஆள் தாமே மழித்துக்கொள்ளத் தொடங்கியதும், வீடு வீடாகப் போனவர்கள் சாலையோரம் கடை வைத்துக் காசு வாங்கத் தொடங்கியதும், ஒரு கட்டு அறுந்ததன் இரு முனைகள். தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகள் சில கிராமங்களில் இன்னும் இருப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம், கட்டு முழுதாக அறுபடவில்லை என்பது தெரிகிறது.

பெரியவரிடம் இவை எதையும் நான் விரிவாகச் சொல்லவில்லை. “கத்துக்கணும்னு ஆசைங்க ஐயா” என்றேன். சிரித்தார். ஐந்தாறு மாலைகள் போனேன். வாரை இறுக்கிப் பிடிக்காவிட்டால் விளிம்பு வட்டமாகிவிடும் என்பதும், அழுத்தம் என்பதே கூடாது, கத்தியின் எடையே போதும் என்பதும் அவர் சொல்லித்தந்தவை. வார் இல்லாத நாட்களில் உள்ளங்கையிலேயே தீட்டியதாகச் சொல்லிச் செய்தும் காட்டினார். காசு வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தியபின் வாங்கிக்கொண்டார்.

இப்போது என் காலைப்பொழுதில் இருபது நிமிடம் இதற்குப் போகிறது. முகத்தை வெந்நீரில் நனைத்து, பிரஷ்ஷை ஊறப்போட்டு, சவரச் சோப்பில் சுழற்ற வேண்டும். குளியல் சோப்பு இதற்கு உதவாது. சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. சோடியத்தோடு பொட்டாசியம் காரமும் சேர்ப்பதால் நுரை கெட்டியாக நின்று ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் எந்தச் சோப்பும் தோற்றுவிடும். நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரியாகிவிடுமே தவிர நுரைக்காது. சோப்பு சரியில்லை என்று இரண்டு மூன்று வகை மாற்றிப் பார்த்த பிறகே எனக்கு இது உறைத்தது. குடிப்பதற்கு வடிகட்டிய நீரில் ஒரு குவளை எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் சுற்று முடி வளரும் திசையில்; மீண்டும் நுரை பூசி இரண்டாம் சுற்று குறுக்காக. கத்தியோ ரேசரோ, தோலுக்கும் விளிம்புக்கும் சுமார் 30 பாகை. எதிர்த்திசையில் மூன்றாம் சுற்று பழகியவர்களுக்கு மட்டும். முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதை விரலால் தடவித்தான் அறிய வேண்டும். அது இடத்துக்கு இடம் மாறும். என் கழுத்தின் இடப்பக்கம் முடி மேல்நோக்கி வளர்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மழித்த கழுத்தைப் பற்றி இதை அறுபதைத் தாண்டித்தான் தெரிந்துகொண்டேன். முடிந்தபின் குளிர்நீர், அதன்பின் ஈர முகத்தில் படிகாரக் கட்டி. எங்கெல்லாம் அழுத்தம் கூடியது என்று எரிச்சலாலேயே படிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இருபது நிமிடம் வீண் அல்லவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரத்துக்கும் விலையுண்டு என்று 1965-இல் கேரி பெக்கர் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் அவர்கள் கேள்வி சரிதான். ஆனால் டிபோர் சிடோவ்ஸ்கி என்ற பொருளியலாளர் 1976-இல் வெளிவந்த தம் நூலில், வசதியும் இன்பமும் ஒன்றல்ல என்று வாதிட்டார். வசதி என்பது தொல்லை இல்லாமை. அது கிடைத்த சில நாளில் உணர்விலிருந்து மறைந்துபோகும். இன்பத்துக்குச் சற்று முயற்சியும் புதுமையும் வேண்டும்; இசை கேட்கவும் சமைத்ததைச் சுவைக்கவும் திறன் வேண்டும் என்பதுபோல நுகர்வதற்கே பயிற்சி வேண்டும். அவருடைய நூலை நான் ஆண்டுக்கு ஒரு வகுப்பில் பெயரளவில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோனவன். சரியான கோணத்தில் கத்தி நுரையை வழித்துக்கொண்டு போகும் ஓசையைக் கேட்டபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. கத்தி கையில் இருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

இதற்காக எல்லோரும் சவரக்கத்தி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், கைநடுக்கம் உள்ளவர்கள், புண் ஆறத் தாமதமாகும் நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கு அது உகந்ததல்ல. எனக்கும் அந்த நாள் வரலாம். கையைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சேஃப்டி ரேசரே போதும். மிகுந்த சிக்கனமும் அதில்தான். கத்திக்குச் சாணைக்கல், வார் என்று முதலீடு கூடிக்கொண்டே போகும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் சாணைக்கல்லின் விலையை நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கார்ட்ரிட்ஜின் விலையை வெறுத்து இந்தப் பக்கம் வந்தவர்கள் நாற்பது ரேசர்களும் அறுபது சோப்புகளும் சேர்த்துவிட்டு நிற்பதையும் பார்க்கிறேன். வேலியைத் தாண்டி வந்தவர்கள் சந்தைக்குள் விழுந்த கதை அது.

கடைசியாக ஒன்று. பயன்படுத்திய பிளேடைக் குப்பையில் வெறுமனே போடக் கூடாது. அதைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் பெரும்பாலும் தரமான கையுறை இருப்பதில்லை. அமெரிக்க வீடுகளில் அக்காலத்தில் குளியலறை அலமாரியின் பின்புறம் ஒரு கீறல் துளை வைத்து, பிளேடுகளைச் சுவரின் உட்குழிவுக்குள் தள்ளிவிடுவார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் கொட்டுமாம். நம் சுவர்களில் அதற்கு இடமில்லை. நான் ஒரு பழைய பால்மாவுத் தகர டப்பாவின் மூடியில் உளியால் கீறி, மூடியை ஒட்டி, வெளியே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நிறைந்ததும் அப்படியே பழைய இரும்புக் கடையில் கொடுக்கலாம். மூன்று ஆண்டாகியும் அது இன்னும் பாதிகூட நிறையவில்லை.